சகலையின் வண்டியில் விளக்கு எரிவதில்லை

மயில்சாமியின் வண்டியில் அந்த விளக்கு எரிவதில்லை. காலை எட்டு மணிக்கு மேட்டுப்பாளையத்தில் இந்த சர்வீஸ் சென்டர் வாசலில் என் வண்டியை விட்டதிலிருந்து இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன், இப்போது மணி இரண்டு, நடுவில் ஒரு காபி, ஒரு தயிர் சாதம், மறுபடி ஒரு காபி, மறுபடியும் மயில்சாமி. காத்திருக்கும் அறையில் ஏசி இந்தப் போடு போடுகிறது, கோத்தகிரிக்காரன் எனக்கே குளிர்கிறது. சுவரில் டிவி. அதில் என் வண்டி, என் வண்டி மாதிரியே வெள்ளையாக ஒரு பிக்கப், முதுகு நிறைய மூட்டையோடு மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறுகிறது, யாரோ தொண்டை கிழியப் பாடுகிறார்கள், டிரைவர் சிரிக்கிறான். ஏறுவதை மட்டும்தான் காட்டுகிறார்கள். இறங்கச் சொல்லுங்கள் அந்தச் சிரிப்புக்காரனை, கேரட் மூட்டை முப்பதைப் போட்டுக்கொண்டு, மழையில், முன்னால் ஒரு பஸ் திடீரென்று நிற்கும்போது இறங்கச் சொல்லுங்கள், அப்போது எத்தனை பல் தெரிகிறது என்று பார்ப்போம். ஏ.பி.எஸ். என்று ஒன்று இருக்கிறது சார், பிரேக்கை அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காது, விட்டு விட்டுப் பிடிக்கும், உயிருக்கு உத்தரவாதம் என்று விற்கும்போது சொன்னார்கள். என் வண்டியில் அது வேண்டாத நேரத்தில் விழித்துக்கொள்கிறது. மெதுவாகப் போய் நிறுத்தலாம் என்று மிதித்தால் பெடல் காலுக்கடியில் கடகடவென்று உதறும், வண்டி நிற்காமல் தன்பாட்டுக்கு இன்னும் பத்தடி போகும், அப்புறம் மீட்டரின் இடது மூலையில் மஞ்சளாக அந்த விளக்கு. விளக்கு எரிந்துவிட்டால் ஏ.பி.எஸ். மொத்தமாகப் படுத்துவிட்டது என்று அர்த்தம், ஈர ரோட்டில் அழுத்தி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகும். அந்த மஞ்சளை நான் கனவில்கூடப் பார்க்கிறேன். மயில்சாமிக்கு என்ன கனவு வருகிறதோ, வேளாங்கண்ணி, பழனி என்று டூர் போகிற கனவாக இருக்கும். அவன் என் சகலை. என் மனைவி பூங்கொடியின் தங்கை சாந்தாமணியைக் கட்டியவன். போன வருஷம் தை மாதம் ஒரே நாளில், ஒரே ஷோரூமில், ஒரே மாடல், ஒரே வெள்ளை, இருவரும் ஆளுக்கொன்று எடுத்தோம். அவன் வண்டி ஓடுகிறது. என் வண்டி இங்கே நிற்கிறது.

ஐந்தாவது முறை. முதல் முறை சென்சாரைத் துடைத்தோம் என்றார்கள். இரண்டாவது முறை சென்சாரையே மாற்றினோம் என்றார்கள். மூன்றாவது முறை ஏதோ சாஃப்ட்வேர், லேப்டாப்பை ஒயரில் மாட்டி அரை மணி நேரம் வைத்திருந்தார்கள், என் மாமியாருக்கு ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயர் மாட்டியபோதுகூட அவ்வளவு நேரம் ஆகவில்லை. ஒவ்வொரு முறையும் இங்கே வந்ததும் விளக்கு அணைந்துவிடும். அதுதான் பெரிய அநியாயம். வீட்டில் அழும் குழந்தை டாக்டரைப் பார்த்ததும் சிரிப்பது போல. மலையில் எரிந்துகொண்டே இருந்தது இங்கே சமத்தாக உட்கார்ந்திருக்கும், ஆல்பர்ட் அதைக் காட்டி, "ஸ்கேன்ல ஒண்ணுமே காட்டல சார்" என்பார். ஆல்பர்ட் இங்கே சர்வீஸ் அட்வைசர், சட்டை கசங்காத மனிதர், கோபமே வராது, அவருக்கு வராததெல்லாம் சேர்த்து எனக்கு வரும். நாலாவது முறை அவர் கேட்டார், "சார், தப்பா எடுத்துக்காதீங்க, நீங்க எப்படி ஓட்டுவீங்க?" இருபத்திரண்டு வருஷமாக மலையில் ஓட்டுகிறவனைப் பார்த்து. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? காலால் ஓட்டுவேன் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய்க்கு வந்தது வேறு: "என் சகலையும் இதே வண்டிதாங்க வெச்சிருக்கான், அவன் வண்டியில எரியலையே!" ஆல்பர்ட் தலையை மெல்ல ஆட்டி, "அப்ப பாருங்க சார்" என்றார், அவ்வளவுதான், அப்போ வண்டியில் கோளாறு இல்லை, கோளாறு எங்கே என்று நீயே பார்த்துக்கொள் என்பது மாதிரி. மயில்சாமி இந்தப் பக்கம் வந்ததே இல்லை, ஆனால் எனக்கு எதிராக இங்கே சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறான்.

அவன் ஓட்டுவதைப் பற்றி பூங்கொடி வேறு. போன மாதம் அவன் வண்டியில் காரமடை போய்விட்டு வந்து, "மயில்சாமி ஓட்டினா வயித்தக் கலக்கறதே இல்லீங்க, வளைவுக்கு முன்னாடியே கியரக் கொறைச்சுக்கறாரு, பிரேக்கத் தொடறதே இல்ல, எப்படித்தான் ஓட்டறாரோ" என்றாள். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. பொறாமைதான், வேறென்ன, எனக்குத் தெரியாதா, வயிறு எரிந்தது. நானும் கியரைக் குறைப்பவன்தான். கல்யாணமான புதிதில் என் பக்கத்தில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டே மலை இறங்கியவள் இவள். இப்போது என் வண்டியில் ஏறினால் முன்னாலிருக்கும் கம்பியைப் பிடித்துக்கொள்கிறாள், மார்க்கெட் இறக்கத்தில் அந்த நாள் நடந்ததற்குப் பிறகு. மெரூன் ஸ்வெட்டர் போட்ட ஒரு பள்ளிக்கூடப் பெண், கையில் பாதி தின்ற பன், ரோட்டைத் தாண்டுகிறாள், நான் இருபதில்தான் வருகிறேன், மிதிக்கிறேன், பெடல் உதறுகிறது, வண்டி போய்க்கொண்டே இருக்கிறது, அந்தப் பெண் என்னைப் பார்க்கிறாள், பன்னைப் பார்க்கிறாள், மறுபடி என்னைப் பார்க்கிறாள், ஓடத் தோன்றவில்லை அவளுக்கு. பம்பர் அவள் பையைத் தொட்டு நின்றது. பை மட்டும்தான். பூங்கொடி பக்கத்தில் இருந்தாள், கத்தவில்லை, கண்ணை மூடிக்கொண்டாள். எதிர்க் கடையில் நின்றிருந்த மயில்சாமி ஓடிவந்து எல்லோருக்கும் முன்னால், "ஏனுங்ணா, பிரேக்க கொஞ்சம் மெதுவா மிதிச்சிருக்கலாமுங்ல்ல" என்றான். மெதுவாக மிதித்தேன். மெதுவாகத்தான் மிதித்தேன். இதை நான் யாரிடம் சொல்வது? அன்று சாயந்திரம் அவன் வண்டிக்குள் எட்டிப் பார்த்தேன், வேண்டுமென்றேதான், எரிகிறதா என்று பார்க்கத்தான். சாவி போட்டிருந்தது, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, மீட்டரில் மஞ்சள் எதுவும் இல்லை. ஒரு வேல் ஸ்டிக்கர் இருந்தது, பழனியில் வாங்கியதாம், கட்டைவிரல் அகலம், பளபளவென்று வெள்ளி நிறம், மீட்டர் மேலேயே கொஞ்சம் கோணலாக ஒட்டியிருந்தான். கண்ணாடியில் அவ்வளவு இடம் இருக்க மீட்டரில் ஒட்டுவானேன் என்று தோன்றியது, சாமிகூட அவன் வண்டிக்குள்தான் குடியிருக்கிறது என்றும் தோன்றியது.

ஆனால் எரிய வேண்டியது அவன் வண்டியில்தான். இதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் கேட்பவர் என்னை என்னவென்று நினைப்பார்? வண்டி எடுத்த அன்று ஷோரூம் பின்னால் யார்டில் இரண்டு வண்டிகள் நின்றன, ஒன்று வெயிலில், ஒன்று வேப்பமர நிழலில், முன் கண்ணாடியில் வெள்ளை மார்க்கரால் சேஸிஸ் எண்ணின் கடைசி நாலு இலக்கம் எழுதியிருந்தது. வெயிலில் நின்றது 5337. நிழலில் நின்றது 5336. மயில்சாமி பூஜைக்கு எலுமிச்சம்பழமும் கற்பூரமும் வாங்கப் போயிருந்தான். யார்டு ஆள், "எது வேணும்னு சொல்லுங்க, பேரப் போட்டுரலாம், ரெண்டும் ஒண்ணுதான்" என்றான். ரெண்டும் ஒன்றா? எனக்கு எண்ணைப் பார்த்தால் கூட்டாமல் இருக்க முடியாது, பஸ் டிக்கெட்டைக்கூடக் கூட்டுவேன். ஐந்தும் மூன்றும் மூன்றும் ஆறும் பதினேழு, ஒன்றும் ஏழும் எட்டு. எட்டு சனியின் எண், எட்டு எண் வண்டியை எங்கள் பக்கம் யாரும் சும்மா கொடுத்தால்கூட வாங்க மாட்டார்கள். மற்றது ஒன்பது. யோசிக்கவே இல்லை நான், ஒன்பதை என் பெயரில் எழுதச் சொன்னேன். மயில்சாமி பழத்தோடு வந்ததும், "உனக்கு நெழல்ல நின்னத எடுத்து வெச்சிருக்கறன் மயிலு, பெயிண்ட் வெளுக்காம இருக்கும்" என்றேன். எவ்வளவு அக்கறை பாருங்கள். அவன் என் முகத்தைப் பார்த்து, "நீங்க சொன்னாச் சரிங்ணா" என்று சொல்லிவிட்டு நாலு சக்கரத்துக்கும் பழம் வைக்கக் குனிந்துவிட்டான். என் வண்டிக்கும் அவன்தான் வைத்தான். முதல் ஆறு மாதம் அவனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உள்ளே கொஞ்சம் குறுகுறுக்கும், ஐயோ பாவம், எட்டு, என்று. அப்புறம் விளக்கு எரிந்தது, என் ஒன்பதில். அன்றிலிருந்து குறுகுறுப்பு போய் எரிச்சல் வந்து உட்கார்ந்துவிட்டது. அவனுக்கு நான் தள்ளிவிட்டது நல்லதாகி, எனக்கு நான் எடுத்துக்கொண்டது கெட்டதாகி, இதில் யாரைத் திட்டுவது என்றுகூடத் தெரியாமல், ஒவ்வொரு முறை பெடல் உதறும்போதும் நான் மயில்சாமியைத்தான் திட்டுகிறேன். ஒரே ஒரு முறை அவன் வண்டியிலும் எரியட்டும், ஒரே ஒரு நாள், என்று இன்று காலையில்கூட இரண்டாவது கியரில் ஊர்ந்து இறங்கும்போது வேண்டிக்கொண்டேன். அடிபட வேண்டாம், யாருக்கும் ஒன்றும் ஆக வேண்டாம், எரிந்தால் போதும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் வண்டியின் பின்னால் பழைய டயர்களை ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். எதற்கு? குடோனாக்கிவிட்டார்களா? எழுந்து போனேன். கீழே படுத்திருந்த எலக்ட்ரீஷியன் பொன்னுரங்கம், நரைத்த மீசைக்காரர், இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவர், வெளியே தவழ்ந்து வந்து கையைத் துடைத்துக்கொண்டு, "இங்க பாருங்க" என்று டார்ச் அடித்தார். பின் சக்கரத்துக்குப் போகிற ஒயர். மேலே கறுப்புத் தோல் தேய்ந்து உள்ளே செம்பு தெரிந்தது. "லோடு ஏத்துனா பாடி எறங்கி இந்த ஒயர் மேல ஒரசுது. ஒரசுனா வெளக்கு எரியும். நீங்கெல்லாம் என்ன பண்றீங்க? சர்வீசுக்கு விடறோம்னு மூட்டைய எறக்கி, கழுவித் தொடச்சு, வெறும் வண்டியாக் கொண்டாந்து விடறீங்க. வெறும் வண்டியில என்னத்தக் காட்டும்? ஒரு வருசமா நாங்களும் வெறும் வண்டியவே நோண்டிட்டிருந்தோம். இன்னைக்குத்தான் டயர ஏத்திப் பாத்தேன்." ஐந்து முறையும் நான்தான் கழுவினேன், ஷாம்பூ போட்டு. பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு அவர் குரலைத் தாழ்த்தினார். "உங்க வண்டி மட்டுமில்லீங்க. அந்தத் தை மாசம் இங்க எறங்குன வண்டியில லோடு அடிக்கறது ஒண்ணுகூடத் தப்பல. எல்லாத்துலயும் ஒயர் இப்படித்தான் ஓடுது. இன்னும் வராதவங்க இருந்தா வரச் சொல்லுங்க." ஒன்றுகூடத் தப்பவில்லை. நான் திரும்பிக் காபி இயந்திரத்துக்கு வந்தேன், பொத்தானை அழுத்தினேன், சர்க்கரை போட்டுக்கொண்டேன், இரண்டு. எவ்வளவு நாளாயிற்று காபி இப்படி இனித்து. ஒன்றுகூடத் தப்பவில்லை மயிலு. நாளைக் காலையில் காரமடையில் மச்சினன் வீட்டுக் கிரகப்பிரவேசம், எல்லோரும் இருப்பார்கள், பந்தியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, பாயசம் வரும் நேரமாகப் பார்த்து, ரொம்ப சாதாரணமாக, உன் வண்டியையும் ஒரு தடவை காட்டிவிடு மயிலு, அதிலும் இருக்குமாம், என்று சொல்ல வேண்டும். பூங்கொடி கேட்கும்படி சொல்ல வேண்டும். பிரேக்கைத் தொடாமல் ஓட்டுகிறவன் அப்போது என்ன முகம் காட்டுகிறான் என்று பார்க்க வேண்டும்.

பிரேக்கைத் தொடாமல். ஏன் தொடுவதில்லை? வண்டி எடுத்த புதிதில் அவன் அப்படி ஓட்டவில்லையே, பஸ் டிரைவர்கள் திட்டும்படி வளைவுக்குள் போன பிறகு படாரென்று பிரேக்கை மிதிக்கிறவன்தானே. எப்போதிலிருந்து வளைவுக்கு முன்னாலேயே கியரைக் குறைக்கிறான்? எப்போதிலிருந்து சாவியை யாருக்கும் தருவதில்லை, சொந்தத் தம்பி கேட்டபோதுகூட இல்லை என்றானாமே. வேல். மீட்டர் மேல் வேல். இடது மூலையில். நான் கண்ணை மூடி என் மீட்டரை நினைத்துப் பார்த்தேன், அதை நினைக்க எனக்குக் கஷ்டமா என்ன, டீசல் முள்ளுக்குப் பக்கத்தில், இடது மூலையில், மஞ்சள். அவன் மீட்டரை நினைத்தேன், டீசல் முள்ளுக்குப் பக்கத்தில், இடது மூலையில், கட்டைவிரல் அகலத்தில், கொஞ்சம் கோணலாக. காபி கையில் கொட்டியது. மணி இரண்டே முக்கால். இன்றைக்கு இரண்டு மணிக்கே மயில்சாமி வண்டியில் காரமடைக்குக் கிளம்புகிறோம் என்று காலையில் சொன்னாள் பூங்கொடி, மச்சினனுக்குச் சீராக ஒரு இரும்பு பீரோ, சமையலுக்கு எட்டு மூட்டை காய், முன்னால் மயில்சாமி, நடுவில் சாந்தாமணி, ஓரத்தில் பூங்கொடி, உங்க வண்டிதான் சர்வீசுல இருக்கே என்று வேறு சொன்னாள். வெளியே பார்த்தேன், மலை முழுக்கக் கறுத்துக் கிடந்தது, மழை அங்கே எப்போதோ இறங்கிவிட்டது. மயில்சாமிக்கு அடித்தேன். எடுக்கவில்லை, ஓட்டும்போது எடுக்க மாட்டான், அந்த ஒழுங்கும் அவனிடம்தான் இருக்கிறது. பூங்கொடிக்கு அடித்தேன், தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி மறுபடி அடித்தேன், எல்லைக்கு வெளியே. எரியட்டும் என்று காலையில் வேண்டிக்கொண்டேனே, எரிந்தால் போதும் என்றேனே, எவ்வளவு நாளாக அது எரிந்துகொண்டிருக்கிறதோ, நான்தான் புதிதாக வேண்டியவன் போல. எட்டு. எட்டில் என் பெண்டாட்டி உட்கார்ந்திருக்கிறாள். மெரூன் ஸ்வெட்டர் பெண் என்னைப் பார்க்கிறாள், பன்னைப் பார்க்கிறாள். டிவியில் அந்த டிரைவர் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறான், நிறுத்துங்களேன் அதை என்று நான் கத்தியிருக்க வேண்டும், ஆல்பர்ட் ஓடிவந்து ரிமோட்டைத் தேடினார். அப்போது போன் அடித்தது. பூங்கொடி.

"என்னங்க, பதினோரு மிஸ்டு கால், பாதி மலை எறங்கி குஞ்சப்பனைல இப்பத்தான் டவர் கெடைச்சுது. வண்டி ரெடியாயிருச்சா?" "பூங்கொடி, மொதல்ல வண்டிய ஓரங்கட்டச் சொல்லு. அவன் வண்டியில பிரேக் சரியில்ல." அந்தப் பக்கம் வைப்பர் சத்தம். அவள் பெருமூச்சு விட்டது கேட்டது. "உங்களுக்கு வேற வேலையே இல்லீங்களா? அவங்க வண்டியக் குத்தம் சொல்லாட்டித் தூக்கமே வராதா? நல்லாத்தானே வந்துட்டிருக்கோம். மழையில பேசிட்டே வர முடியாது, வெச்சர்றேன்." "வெச்சராத, ஸ்பீக்கர்ல போடு" என்றேன். சரிதான், யார் நம்புவார்கள், ஒரு வருஷமாக அவனைக் குறை சொல்லிக் குறை சொல்லி என் வார்த்தை செல்லாமல் போய்விட்டது, நிஜம் சொல்லும்போது என்னிடம் செலவழிக்க எதுவும் மிச்சமில்லை, ஒன்றைத் தவிர. ஆல்பர்ட் பக்கத்தில்தான் நின்றிருந்தார். இருக்கட்டும். "மயிலு, கேக்குதா? வண்டி எடுத்த அன்னைக்கு ரெண்டு நம்பரையும் நாந்தான் பாத்தேன். உன்றது கூட்டு எண் எட்டு. தெரிஞ்சேதான் அத உனக்குத் தள்ளி விட்டேன். நெழலு, பெயிண்ட்டுன்னு சொன்னதெல்லாம் பொய். இத்தனை நாளா உன்ற வண்டி கெட்டுப்போகோணும்னு வயிறெரிஞ்சவனும் நாந்தான். எந்தச் சாமி மேல வேணும்னாலும் சத்தியம் பண்றேன், இப்ப வயித்தெரிச்சல்ல சொல்லல. அந்த வேலுக்கு அடியில எரியுதாடா?"

வைப்பர் மட்டும் போய் வந்தது. பிறகு எஞ்சின் சத்தம் குறைந்தது, கியர் ஒன்று இறங்கியது, இன்னொன்று இறங்கியது, கல்லில் சக்கரம் ஏறுகிற சத்தம், ஹேண்ட் பிரேக் இழுக்கிற சத்தம். நின்றுவிட்டது. "அண்ணா" என்றான் மயில்சாமி. குரல் அவனுடையது மாதிரியே இல்லை. "எட்டுன்னு எனக்கு அன்னைக்கே தெரியுமுங்ணா. கண்ணாடியில எழுதியிருந்தத தொடச்சதே நாந்தானுங்க. சாந்தாமணி பாத்தாக் கூட்டிருவாளேன்னு." நான் போனை மறு காதுக்கு மாற்றினேன். "அப்பறம் வெளக்கு எரிஞ்சுதுங்ணா. உங்குளுதுக்கு ரெண்டு மாசம் முந்தியே. உங்ககிட்டச் சொன்னா, பாத்தியா எட்டுன்னு மனசுக்குள்ள சிரிப்பீங்கன்னு தோணுச்சு. அதான் ஒட்டிட்டேன். கியர்லயே சமாளிச்சுக்கலாம்னு." என் வண்டிக்கு முன்னாலேயே. இவ்வளவு நேரம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தவனுக்கு, அவர்கள் பிழைத்து நிற்கிறார்கள் என்று தெரிந்த அடுத்த நொடியிலேயே, எல்லாம் தெரிந்தும் ஒன்றரை வருஷம் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்க முடிந்ததே இவனால், எனக்கு அது முடியவில்லையே என்று பொறாமையாக இருந்தது. இதை எங்கே கொண்டுபோய்ச் சொல்ல?

அந்தப் பக்கம் ஏதோ கிழிகிற மெல்லிய சத்தம். நகத்தால் சுரண்டுகிற சத்தம். சாந்தாமணி, "அக்கா" என்றாள், அவ்வளவுதான். பூங்கொடி பேசினாள், மெதுவாக, மார்க்கெட் இறக்கத்தில் கண்ணை மூடிக்கொண்ட அன்று எப்படிக் கத்தாமல் இருந்தாளோ அப்படி. "எரியுதுங்க. நல்லா மஞ்சளா எரியுது." "பூங்கொடி, நான் சொல்றதக் கேளு..." "நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்து எரிஞ்சுக்கோங்க, வேண்டாம்னு சொல்லல. அதுக்கு நடுவுல எங்க ரெண்டு பேரையும் எதுக்குங்க உக்கார வெச்சீங்க?" கதவு திறக்கிற சத்தம், மழைச் சத்தம் பெரிதானது, சாந்தாமணி குடையைக் கேட்டாள். தூரத்தில் பஸ் ஹாரன். "நாங்க பஸ்ல வந்துக்கறோம்" என்றாள் பூங்கொடி, வைத்துவிட்டாள்.

கை இன்னும் காபியில் பிசுபிசுத்தது. டிவி அணைந்திருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒயரை மாற்றிக் கட்டிவிட்டு என் வண்டியிலிருந்து டயர்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள், பொன்னுரங்கம் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பி மீட்டரைப் பார்த்து, என்னைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினார். ஆல்பர்ட் சாவியோடு வந்தார். போனில் பேசியதை எவ்வளவு கேட்டாரோ, எதுவும் கேட்காதவர் போல, ஐந்து முறை நான் அவரிடம் எதை எதிர்பார்த்தேனோ அதைக் கடைசியில் கொடுத்துவிட்ட நிறைவோடு, "அவ்வளவுதான் சார். இனிமே உங்க சகலை வண்டி மாதிரியே ஓடும்" என்றார். நான் சாவியை வாங்கிக்கொண்டு, மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று, இருபத்திரண்டு வருஷமாகத் தெரிந்த வழியை, அவரிடம் கேட்டேன்.